அளவுகோல் யார் கையில்?

காலுக்குச் செருப்பா, செருப்புக்குக் காலா? இப்படிக் கேட்டால் பள்ளிச் சிறுவனும் சிரிப்பான். காலுக்கேற்பச் செருப்பை வெட்டுவது அறிவு. செருப்புக்கேற்பக் காலை வெட்டுவது வெறி. ஐயத்துக்கு இடமின்றி இதை ஒப்புக்கொள்ளும் உலகம், பெண்ணின் உடல் என்று வந்துவிட்டால் மட்டும், தன் அறிவைக் கழற்றி ஆணியிலே மாட்டிவிடுகிறது. கடையிலே தொங்குகிறது ஓர் ஆடை. அது அவள் தோளுக்குப் போதவில்லை, இடுப்பிலே இறுக்குகிறது. குற்றம் யாருடையது? வெட்டியவனை அவள் கேட்பதில்லை, தைத்தவனைக் கேட்பதில்லை, விற்றவனையும் கேட்பதில்லை. கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறாள். "என் உடல்தான் சரியில்லை" என்று தீர்ப்பையும் தானே எழுதிக்கொள்கிறாள். வழக்குத் தொடுத்தவர் எவர்? சட்டம் வகுத்தவர் எவர்? சாட்சி எங்கே? கேட்பாரில்லை!

கேட்டாக வேண்டும், தோழர்களே! கேள்வி கேட்பதன்றோ பகுத்தறிவின் முதல் வேலை!

"பசியும் பிணியும் நாட்டிலே இருக்க, பருத்த பெண்ணின் ஆடையைப் பற்றியா பேச்சு?" என்று முகஞ்சுளிப்போர் உண்டு. ஆடை சிறு பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால், தான் தேர்ந்தெடுக்காத உடலமைப்புக்காக ஒருவர் தலைகுனிந்து வாழ நேர்வது சிறு பொருளா? நிறத்தைக் காட்டி இழித்தனர். பிறப்பைக் காட்டி இழித்தனர். அவற்றை அநீதி என்று நாம் கூறுகிறோம். உருவத்தைக் காட்டி இழிப்பதை மட்டும் நகைச்சுவை என்று கூறலாமா? அறநெறிக்கு ஆளுக்கொரு தராசு இருத்தலாகாது.

இல்லாத பெண்ணைத் தேடிய கதை ஒன்று உண்டு. கற்பனையன்று, நடந்தது. அமெரிக்காவிலே ராபர்ட் டிக்கின்சன் என்ற மருத்துவரும், ஏப்ரம் பெல்ஸ்கி என்ற சிற்பியும் சேர்ந்து, ஏறத்தாழ 15,000 பெண்களிடம் எடுத்த அளவுகளின் சராசரியைக் கொண்டு ஒரு சிலை செய்தனர். 'நார்மா' என்று பெயரிட்டனர். 'இயல்பான பெண்' என்பது பொருள். 1945ஆம் ஆண்டு, கிளீவ்லாந்து நகரத்து நாளேடு ஒன்று, அந்த நகரத்தின் உடல்நலக் காட்சியகத்தோடு கூடி, ஒரு போட்டி வைத்தது. நார்மாவின் அளவுகளோடு அச்சாகப் பொருந்தும் பெண் யார்? வருக, பரிசு பெறுக என்று அழைத்தது. வந்தவர்கள் 3,864 பெண்கள். ஒப்பிட்ட உறுப்பளவுகள் ஒன்பது. ஒன்பதும் பொருந்தியவர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர்கூட இல்லை! ஐந்து அளவுகளில் பொருந்தியவர்களே நாற்பது பேருக்கும் குறைவு.

சிந்திக்கத் தெரிந்தவர் என்ன கூறியிருக்க வேண்டும்? "இலக்கணம் பிழை. இப்படியொரு பெண் எங்கும் இல்லை. சிலையைத் தூக்கி எறிவோம்" என்றன்றோ கூறியிருக்க வேண்டும்! ஆனால், அந்நாளைய மருத்துவ அறிஞர் பலர் என்ன கூறினர்? அமெரிக்கப் பெண்கள் உடலைப் பேணவில்லை, கட்டுக்குலைந்து போயினர், உடற்பயிற்சி வேண்டும் என்றனர்! கல்லுக்குக் குற்றமில்லை, உயிருள்ள மூவாயிரத்துச் சொச்சம் பெண்களும் குற்றவாளிகள்! கல்லின் முன்னே மனிதரை மண்டியிட வைக்கும் பழக்கம் கோயிலிலே மட்டும் இருப்பதாக எண்ணியிருந்தோம். ஆராய்ச்சிக் கூடத்திலும் அது புகுந்துகொள்ளும் என்பதை நார்மா காட்டுகிறாள்.

அந்த 15,000 பெண்களின் அளவுகள் எங்கிருந்து வந்தன? 1939, 1940ஆம் ஆண்டுகளில், அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த ரூத் ஓபிரையன், வில்லியம் ஷெல்டன் ஆகிய இருவரின் பொறுப்பில் அந்த ஆய்வு நடந்தது. ஒவ்வொரு பெண்ணிடமும் 59 அளவுகள் எடுத்தனர். ஆயத்த ஆடைத் தொழிலுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்பது நோக்கம், நல்ல நோக்கமே. ஆனால் நடந்தது என்ன? வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகளை எடுத்தபின் கணக்கிலே சேர்க்காமல் ஒதுக்கினர். ஒரு நாட்டுப் பெண்களின் அளவு என்று பெயர். அந்த நாட்டின் கறுப்புப் பெண்ணுக்கு அதிலே இடமில்லை! இந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1958ஆம் ஆண்டு ஆடை அளவுகளுக்கு ஒரு பொது விதி வெளியாயிற்று. 1970இல் அதைத் திருத்தினர். 1983இல் அதனையும் விலக்கிக்கொண்டனர். பிறகு? ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பம்போல எண் போட்டது. ஒரு கடையில் 'பன்னிரண்டு' ஆனவள், அடுத்த கடையில் 'பத்து' ஆனாள். தெருவைக் கடந்தால் 'பதினான்கு' ஆனாள். உடல் ஒன்றே, எண் மூன்று! இந்த எண்ணைப் பார்த்தா மகிழ்வதும் மருகுவதும்? கழுத்துப்பட்டையிலே ஒட்டிய துண்டுத் துணியா ஒரு பெண்ணின் தலையெழுத்து?

"எண் போகட்டும், மெலிந்த உடலே அழகு என்பது இயற்கை அளித்த உணர்ச்சியல்லவா?" என்பர் சிலர். இயற்கையின் பெயரால் எதையும் நிலைநாட்டுவது பழைய தந்திரம். ஆராய்வோம்.

ஆஸ்திரியா நாட்டின் வில்லன்டார்ப் என்ற ஊரில் 1908இல் மண்ணிலிருந்து ஒரு சிறு கற்சிலையை எடுத்தனர். உயரம் சுமார் 11 சென்டிமீட்டர். வயதோ இருபத்தைந்தாயிரம் ஆண்டுகளுக்கு மேல். பருத்த மார்பும், சரிந்த வயிறும், அகன்ற இடுப்பும் கொண்ட பெண் அது. பதினேழாம் நூற்றாண்டின் பெரும் ஓவியர் ரூபன்ஸ் தீட்டிய பெண்களும் சதைப்பிடிப்பு மிக்கவர்களே. 1890களில் அமெரிக்க நாடக மேடையின் பேரழகி என்று கொண்டாடப் பெற்ற லில்லியன் ரஸ்ஸல் பருத்த உடலுடையவர். 1920களில் மார்பும் இடுப்பும் தெரியாத தட்டை உடல் நாகரிகமாயிற்று. 1966இல், சுள்ளி என்று பொருள்படும் 'டுவிக்கி' என்ற புனைபெயர் கொண்ட மெலிந்த இளம்பெண்ணை ஆங்கில நாட்டு ஏடு அந்த ஆண்டின் முகம் என்று அறிவித்தது. இயற்கை விதி இப்படியா முப்பது ஆண்டுக்கொரு முறை மாறும்? புவி ஈர்ப்பு மாறியதா? மாறியது விதியன்று, விருப்பம். விருப்பத்தை விதியென்று கூறுவோரிடம் விழிப்பாக இருக்க வேண்டும்.

பிஜித் தீவைப் பாருங்கள். அங்கே உண்டு கொழுத்த உடல் பெருமைக்குரியது. 'மெலிந்துவிட்டாயே' என்பது கவலையோடு கேட்கும் கேள்வி. 1995ஆம் ஆண்டு, அந்தத் தீவின் நந்துரோங்கா வட்டாரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், வந்த புதிதிலும், மூன்றாண்டு கழித்து 1998இலும், பள்ளிச் சிறுமியரை ஆராய்ந்தார். உணவைப் பற்றிய கோளாறான மனப்போக்கு காட்டியோர் நூற்றுக்கு 12.7ஆக இருந்தது, 29.2 ஆயிற்று. உடல் மெலிய வேண்டுமென்று உண்டதைத் தாமே வாந்தியெடுத்தோர் முதலில் ஒருவரும் இல்லை. பின்னர் நூற்றுக்கு 11.3! பாட்டிமார் அறியாத நோய் பேத்திமாருக்கு மூன்றாண்டிலே வந்தது. காற்றிலே வந்ததா, நீரிலே வந்ததா? திரையிலே வந்தது! கற்பித்தது ஒட்டிக்கொண்டது. கற்பித்தது எதுவோ அதைக் கழற்றவும் முடியும் என்பதே நமக்கு இதிலுள்ள நம்பிக்கை.

அப்படியானால், பருமனே அழகு என்ற பழைய நெறிக்குத் திரும்பலாமா? அதற்கும் விடையுண்டு. ஆப்பிரிக்காவின் மௌரித்தானியா நாட்டிலே 'லெப்லூ' என்றொரு வழக்கம். பருத்த பெண்ணே அழகி, அவளுக்கே நல்ல மணம் வாய்க்கும் என்பதனால், சிறுமியரை அடித்தும் வருத்தியும் குடம் குடமாகப் பாலும் கூழும் புகட்டினர். இன்று அது குறைந்துள்ளது, அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஓரிடத்தில் பட்டினி போட்டு மெலிய வைக்கின்றனர். ஓரிடத்தில் திணித்துக் கொழுக்க வைக்கின்றனர். எதிரும் புதிரும்போலத் தோன்றும். உற்று நோக்கினால் இரண்டும் ஒன்றே! இரண்டிலும் உடல் அவளுடையது. அளவுகோல் அடுத்தவன் கையில். எனவே, பருமனா மெலிவா என்பதன்று நம் கேள்வி. அளவுகோல் யார் கையில் என்பதே கேள்வி.

அளவுகோலை மனிதத் தன்மையோடு பிடித்த கையும் உண்டு. லித்துவேனியா நாட்டிலிருந்து 1895இல் நியூயார்க் வந்த ஏழைப் பெண் லேனா. மணந்தார், கைக்குழந்தையோடு கைம்பெண்ணானார். கணவர் தந்த காதணிகளை அடகு வைத்து ஒரு தையல் இயந்திரம் வாங்கினார். 1904இல் கடை திறந்தார். வங்கியில் 'லேனா' என்பது 'லேன்' என்று தவறாகப் பதிவாக, 'லேன் பிரையன்ட்' என்பதே கடையின் பெயராகிவிட்டது. கருவுற்ற பெண் வெளியே உலவுவதே நாணத்தக்கது என்று கருதிய காலத்தில், கருவுற்றோருக்கு ஆடை தைத்து விற்றார். அடுத்து, ஆயத்த ஆடைக் கடைகள் கைவிட்ட பருத்த பெண்களின் பக்கம் திரும்பினார். அவருடைய இரண்டாம் கணவர் ஆல்பர்ட் மால்சின் ஒரு பொறியாளர். ஆயிரக்கணக்கான வாடிக்கைப் பெண்களை அளந்தும், காப்பீட்டு நிறுவனம் ஒன்று வைத்திருந்த ஏறத்தாழ 2 இலட்சம் பெண்களின் அளவுகளை ஆராய்ந்தும், பருத்த உடல் என்பது ஒரே வார்ப்பன்று, அதிலே மூன்று வகையேனும் உண்டு என்று கண்டார். அதன்பின் துணியை வெட்டினர்.

நார்மாவை வடித்தவர்களும் அளந்தார்கள், இவர்களும் அளந்தார்கள். கருவி ஒன்றே. அவர்கள் அளந்தது, எவள் தவறானவள் என்று கண்டுபிடிக்கப் பயன்பட்டது; இவர்கள் அளந்தது, எவளுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துகொள்ள. அறிவியலுக்கும் ஆணவத்துக்கும் உள்ள இடைவெளி இவ்வளவுதான்!

ஆயினும், வணிகரைத் தலைவராக்கிவிட வேண்டாம். அந்தக் கடையின் விளம்பரங்களும், "இதை அணிந்தால் மெலிந்து தோன்றுவீர்" என்றே ஆசை காட்டின. வாணிபம் கதவைத் திறக்கும்; இலாபம் குறைந்தால் சாத்தும். 2021ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'ஓல்ட் நேவி' என்ற கடை, எல்லாப் பெண்களுக்கும் எல்லா அளவுகளும் ஒரே விலையில் என்று முழங்கியது. மறு ஆண்டே, விற்பனை எண்ணியபடி இல்லை என்று, பல கிளைகளில் பேரளவு ஆடைகளைக் குறைத்துக்கொண்டது. உடல் மெலியும் வழி கற்பிக்க 1963இல் தொடங்கிய 'வெயிட் வாட்சர்ஸ்' கம்பெனியை 1978இல் விலைக்கு வாங்கியவர் யார்? சாறும் பண்டமும் விற்கும் 'ஹைன்ஸ்' உணவுக் கம்பெனி! ஒரு கையால் உணவை விற்று, மறு கையால் உணவுக் கட்டுப்பாட்டை விற்கும் உலகம் இது. உரிமையைக் கடைக்காரரிடம் கடனாகப் பெற்றால், அவர் கேட்கும்போது திருப்பித் தரவேண்டி வரும்.

ஆகவேதான் வேறு வழி நாடினர் சிலர். 1967இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் ஏறத்தாழ 500 பேர் கூடி, பத்திய நூல்களையும் டுவிக்கியின் படத்தையும் தீயிலிட்டனர். 1969இல், பருத்த தம் மனைவி படும் இழிவு கண்டு பொறாத பில் பேப்ரி என்ற பொறியாளர், பருத்தோர் உரிமைக்கென ஒரு சங்கம் கண்டார். 1973இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பெண்கள் இருவர், பருத்தோர் விடுதலை அறிக்கை ஒன்றை எழுதினர். மிச்சிகன் மாநிலத்தின் 1976ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், எடையைக் காட்டி வேலை மறுப்பதைத் தடுத்தது. நியூயார்க் நகரம் 2023இல் அவ்வாறே சட்டம் செய்தது. கடையில் கிடைப்பது சலுகை. சட்டத்தில் கிடைப்பது உரிமை.

இனி, எதிர்வாதத்துக்கு வருவோம். "பருமன் நோய்க்கு வித்து; அதைப் போற்றலாமா?" என்று கேட்கின்றனர். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை கூற வேண்டும். மிகுந்த எடை நீரிழிவு, இதய நோய், மூட்டு வலி ஆகியவற்றுக்கு வாய்ப்பைப் பெருக்கும் என்பது மருத்துவ உண்மை. பகுத்தறிவாளன் உண்மையை மறைக்கமாட்டான். ஆனால், அந்த உண்மையை எவன் பேசுகிறான், எதற்குப் பேசுகிறான் என்றும் பார்ப்பான். தெருவிலே கேலி பேசுபவன் மருத்துவனா? உறவினர் கூட்டத்திலே "இன்னும் பருத்துவிட்டாயே" என்று ஊர் கேட்கக் கூறும் பெரியம்மா, இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தா கூறுகிறார்? நோயாளியை நோய்க்காக இகழ்வது எந்த மருத்துவ நூலில் உண்டு? இகழ்ச்சியால் எவரும் நலம் பெற்றதில்லை. இகழ்ச்சிக்கு அஞ்சி மருத்துவரிடம் போகாமலே நோயை வளர்த்துக்கொண்டவர்தாம் உண்டு.

நோயை அளக்கும் கோலும் குறையற்றதன்று. எடையை உயரத்தின் இருமடிப் பெருக்கத்தால் வகுக்கும் கணக்கைத் தந்தவர் கெட்லே, பெல்ஜிய நாட்டு வானநூலார், புள்ளியியலார், காலம் 1830கள். மக்கள் திரளை ஆராய வந்த கணக்கு அது. 1972இல் ஆன்செல் கீஸ் அதற்கு உடல் நிறைக் குறியெண் என்று பெயர் சூட்டினார். அந்த எண்ணுக்குத் தசை எது, கொழுப்பு எது என்று தெரியாது. 1998இல் அமெரிக்க அரசின் மருத்துவ நிலையம், 27க்கு மேலிருந்த எல்லையை 25க்கு இறக்கியது. முதல்நாள் இரவு இயல்பான எடையோடு உறங்கிய இரண்டரைக் கோடிக்குக் குறையாத மக்கள், மறுநாள் மிகை எடையினராக எழுந்தனர்! நோய்த் தடுப்புக்கு எல்லைக் கோடு வேண்டும். மருத்துவர் அதை வரையட்டும். அந்தக் கோட்டைக் கொண்டு மானத்தை அளக்க எவருக்கும் உரிமையில்லை. நலம், மருத்துவரும் அவளும் பேசிக்கொள்ள வேண்டியது. மானம், எல்லோரும் அளித்தே தீரவேண்டியது.

நம் நாட்டுக்கு இதிலே பங்கில்லையா? உண்டு. கொடியிடை, மின்னிடை, உடுக்கையிடை என்று புலவர் பெருமக்கள் பெண்ணின் இடையை இல்லாததாக்கிப் பாடியே பழகிவிட்டனர். திரைப்படமோ, மெல்லியலாளைக் காதலியாக்கிற்று. பருத்தவளைக் கொட்டகை சிரிக்கக் கோமாளியாக்கிற்று. அவளுக்கும் காதல் வரும், கோபம் வரும், கொள்கை இருக்கும் என்று கதை எழுதுவோர் எண்ணவில்லை. ஆயினும், நம்மிடம் ஒரு நல்ல பொருள் இருந்தது: சேலை! அதற்கு எண் இல்லை. ஒல்லியானவளையும் பருத்தவளையும், கன்னியையும் கருவுற்றவளையும் ஒன்றுபோல் ஏற்கும். இரவிக்கையைத் தையற்காரர் உடலை அளந்து தைத்தார். ஆயத்த ஆடை வந்தபின், அமெரிக்கப் பெண்ணைக் கூண்டிலேற்றிய அதே எண்கள் நம் தங்கையரின் கழுத்துப்பட்டையிலும் ஏறிவிட்டன. ஆயத்த ஆடை வேண்டாம் என்பதில்லை. வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு அது விரைவும் வசதியும் தந்துள்ளது. ஆடையோடு சேர்ந்து வரும் அடிமைத்தனமே வேண்டாம்.

இப்போது கடைசிக் கேள்வி, கடினமான கேள்வி. பருத்த பெண்ணுக்கு நாம் என்ன கூறுவது? "நீயும் அழகிதான்" என்பதா? இன்றைய விளம்பரங்கள் அதைத்தான் கூறுகின்றன. ஒரு காலத்தில் படமே போடாத பெண்களின் படத்தை இன்று போடுகின்றனர். 2016இல் பேரளவு ஆடை விளம்பரப் பெண் ஆஷ்லி கிரகாம், அமெரிக்க விளையாட்டு ஏடு ஒன்றின் நீச்சலுடை மலரின் அட்டையிலே இடம்பெற்றார். வரவேற்கலாம். மறைத்து வைத்த உடல் வெளிச்சத்துக்கு வந்ததே, அதுவரை நன்று. ஆனால், அத்தோடு மனநிறைவு கொள்ள முடியாது. "நீயும் அழகி, ஆகையால் மதிக்கத் தக்கவள்" என்னும்போது, மதிப்புக்கு அழகுதான் நுழைவுச்சீட்டு என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். சீட்டைச் சிலருக்குக் கூடுதலாக அச்சிட்டோம், வாயிற்காவலனை நீக்கவில்லை! நாளை முதுமை வரும், தழும்பு வரும், தோல் சுருங்கும். அன்று அவள் என்ன செய்வாள்?

ஆண்மகனை எவரும் இப்படித் தேற்றுவதில்லை. தொந்தி சரிந்த வழக்கறிஞரைப் பார்த்து, "கலங்காதீர், நீரும் அழகரே" என்று கூறுவாருண்டா? அவருக்கு அந்த ஆறுதல் தேவைப்படவில்லை. அவருடைய வாதத்தைக் கேட்கின்றனர், வயிற்றை அளப்பதில்லை. பெண்ணுக்கு நாம் கேட்பதும் அதுவே. அலங்காரத்தை அவள் வெறுக்க வேண்டுமென்று கூறவில்லை. வண்ணத்தை விரும்பட்டும், வடிவான ஆடை அணியட்டும், கண்ணாடி கண்டு மகிழட்டும். அந்த மகிழ்ச்சி அவளுடையது. அந்த மகிழ்ச்சி வாய்க்காத நாளிலும் அவள் மதிப்பு ஓர் இம்மியும் குறையாது என்ற உறுதியே நாம் வேண்டுவது. தன்னம்பிக்கை என்பது, 'நான் அழகு' என்று நாள்தோறும் உருப்போடும் மந்திரமன்று. 'என்னை அளக்க உனக்கு உரிமையில்லை' என்று நிமிர்ந்து கூறும் துணிவு.

இளந்தோழர்களே! மேடையிலே பெண்ணுரிமை பேசிவிட்டு, கீழே இறங்கி, எதிரே வரும் பருத்த பெண்ணுக்குப் பட்டப்பெயர் சூட்டிச் சிரிப்பவன் பகுத்தறிவாளனல்லன். பேச்சை மனப்பாடம் செய்தவன். உங்கள் மன்றத்திலே அந்தச் சிரிப்புக்கு இடங்கொடாதீர். பெண் பார்க்கப் போகும் வீட்டிலே உடலை அளக்கும் பேச்சு எழுந்தால், மணமகனாக இருந்தாலும், மணமகனின் தோழனாக இருந்தாலும், அதைத் தடுத்து நிறுத்துங்கள். கதை எழுதுவோராயின், பருத்தவளைக் கதைத் தலைவியாக்கி எழுதுங்கள்; அவள் எடையைப் பற்றி ஒரு வரியும் எழுதாமலே எழுதுங்கள்.

தோழியரே! ஆடை பொருந்தவில்லையெனில், அடுத்த முறை கண்ணாடியைப் பார்க்க வேண்டாம்; கடைக்காரரைப் பாருங்கள். "இது எனக்குச் சரியில்லை" என்றே கூறுங்கள். 'நான் இதற்குச் சரியில்லை' என்று கூறாதீர்கள். சொற்கள் சிலவே இடம் மாறுகின்றன. கூண்டிலே நிற்பவர் மாறிவிடுகிறார்.